பழைய வண்டியின் பின்கதவு திறக்காவிட்டால் செய்யக் கூடாதவை

மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. இண்டிகா 2018-இல், ஆம்னி 2019-இல். ஆனாலும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி பக்கமெல்லாம் இவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விதைநெல், யூரியா, மோட்டார், கல்யாணத்துக்கு வாழைத்தார் என்று எல்லாம் இவற்றின் டிக்கியில்தான் போய்வருகின்றன. இப்படி உழைத்த வண்டியில் ஒருநாள் பின்கதவு திறக்காமல் அடம்பிடிப்பது அதிசயமில்லை. என்னைக் கேட்டால், பூட்டு தானாகக் கெடுவதைவிட, திறக்கப்போய் நாம் கெடுப்பதே அதிகம்.

கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தன் பக்கம் பலங்கொண்ட மட்டும் இழுப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. முதல் தவறும் அதுவே. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். வண்டியின் உடலில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். கதவில் உள்ள கொக்கி அதைக் கவ்விப் பிடித்திருக்கும் (சில வண்டிகளில் இரண்டும் இடம் மாறியிருக்கும்). கொக்கி திரும்பிவிடாமல் ஒரு சிறிய தாழ் அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும். சாவியானாலும் கைப்பிடியானாலும் ஓட்டுநர் இருக்கைப் பக்கமுள்ள லீவரானாலும் செய்கிற வேலை ஒன்றுதான்: அந்தத் தாழை விலக்குவது. நாம் கதவை வெளியே இழுக்க இழுக்க, கொக்கி தாழின்மேல் சாய்ந்து இன்னும் இறுகுகிறது. துருவும் சேர்ந்தால் தாழ் அசையவே அசையாது. ஆத்திரத்தில் இன்னும் பலமாக இழுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பூட்டு இருக்கும் இடத்தில் ஒருவர் உள்ளங்கையை வைத்துக் கதவை உள்நோக்கி அழுத்த வேண்டும். கண்ணாடியில் கை வைக்கக் கூடாது, தகட்டில்தான் அழுத்த வேண்டும். அழுத்திய நிலையிலேயே இன்னொருவர் சாவியைத் திருப்பவோ லீவரை இழுக்கவோ வேண்டும். தாழின் மேலிருந்த சுமை குறைந்து, பெரும்பாலும் ‘டக்’ என்று விடுபட்டுவிடும்.

அதற்கும் முன்பு உள்ளே எட்டிப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டைகளைத் திணித்துக் கதவை அறைந்து சாத்தியிருப்போம். வழியில் ஒரு வேகத்தடையில் மூட்டைகள் பின்னால் சரிந்து கதவில் முட்டிக்கொண்டிருக்கும். பூட்டில் ஒரு குறையும் இராது. பக்கக் கதவு வழியாக இரண்டு மூட்டையை இறக்கினாலே போதும். வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாக வண்டியை நிறுத்தினாலும் இதே கதைதான். அடிப்பக்கம் அரித்துப்போன பழைய வண்டியின் கூடு சற்றே முறுக்கிக்கொள்ளும், கதவு சட்டத்தில் இறுகும். சமதரைக்கு நகர்த்திவிட்டு முயன்று பாருங்கள்.

இவை எதற்கும் மசியவில்லை என்றால், திருப்புளியைத் தேடுவதற்கு முன் கையும் காதும் சொல்வதைக் கவனிக்க வேண்டும். சாவியோ கைப்பிடியோ ஒரு பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால், பூட்டுக்கும் தாழுக்கும் இடையிலுள்ள மெல்லிய கம்பி கழன்றிருக்கிறது என்று பொருள். அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். வெயிலில் காய்ந்து காய்ந்து அது நொறுங்கிவிடும். கைப்பிடி கல்லாக நின்றால் தாழ் துருப்பிடித்திருக்கிறது. தாழ் விடும் சத்தம் கேட்டும் கதவு எழவில்லையா? கதவோரத்தில் ஓடும் ரப்பர் பட்டை (பீடிங்) தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூடிய வண்டி நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் பழைய பீடிங் இப்படி ஒட்டும். ஓரங்களில் கையால் தட்டி மெதுவாக விடுவிப்பதே வழி. லீவரை இழுத்தால் கேபிள் எதிர்ப்பின்றி வந்துவிடுகிறது என்றால் அது அறுந்திருக்கும், அல்லது உறை இடம்பெயர்ந்திருக்கும். குறை எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கை வைப்பதுதான் செலவை இழுத்துவிடும்.

பக்கவாட்டில் திறக்கும் பொலேரோ போன்ற வண்டிகளின் கணக்கு வேறு. ஸ்டெப்னி டயர் கதவிலேயே தொங்குவதால், வருடங்கள் போகப்போகக் கீல் தொய்ந்து கதவு இறங்கிவிடும். அங்கே பூட்டை நோண்டிப் பயனில்லை. கதவின் வெளிமுனையைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இயக்கினால் திறக்கும். பிறகு கீலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது எண்ணெய். கைக்குக் கிடைத்ததைச் சாவித் துவாரத்தில் ஊற்றுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் பூட்டுக்குள் அது மெழுகாகத்தான் இருக்கும். மீதி நாள்களில் அறுவடைத் தூசியையும் தவிட்டையும் இழுத்துப் பிசினாக்கும். மண்ணெண்ணெய் பழைய கிரீஸைக் கரைப்பது உண்மை. ஆனால் அது காய்ந்த பிறகு இரும்பு வெறும் இரும்பாக நிற்கும், ஈரக்காற்றில் முன்னைவிட விரைவாகத் துருவேறும், பீடிங்கில் பட்டால் ரப்பரும் உப்பிப்போகும். சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள் நல்லது. துருப்பிடித்த தாழுக்கு டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அடித்துவிட்டு, அரைமணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். அடித்த கையோடு சாவியை முறுக்கிச் சாவியை உடைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கடப்பாரையோ இரும்புப் பட்டையோ வைத்து நெம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகடு வளையும், பெயின்ட் உரியும், அந்த இடத்தில் அடுத்த ஐப்பசி மழைக்குள் துரு பிடித்துவிடும். கண்ணாடி போனால் செலவு தனி. இதைவிட ஆபத்தானது, துருவை இளக்குவதாகச் சொல்லி கேஸ் டார்ச்சால் சுடுவது. பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கிறது. எல்பிஜியில் ஓடும் ஆம்னி என்றால் சிலிண்டரும் பின்னால்தான். பட்டறைக்காரரே சுடலாம் என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

வெளியிலிருந்து முடியவில்லை என்றால் உள்ளிருந்துதான் போக வேண்டும். பின்சீட்டை மடக்கி, கதவின் உட்புற அட்டையைக் கழற்றினால் தாழும் கம்பியும் கண்ணில் படும். அட்டையைப் பிடித்து இழுத்தால் பொத்தான் கிளிப்புகள் உடையும், மழை ஈரத்தில் ஊறிய அட்டையே கிழிந்தும் வரும். ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில் தட்டையான ஒன்றைக் கொடுத்து நெம்பி எடுக்க வேண்டும். பின்கதவில் வைப்பர் இருந்தால் ஒயர்கள் ஓடும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் உள்விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும், கையுறை இல்லாமல் கைவிட வேண்டாம். தாழின் நெம்புகோலைத் திருப்புளியால் தள்ளினால் கதவு விட்டுவிடும்.

கதவு திறந்த மகிழ்ச்சியில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு உடனே அறைந்து மூடிப் பார்ப்பதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிற தவறு. மறுபடி மாட்டிக்கொள்ளும். இப்போது அட்டையும் கழற்றிய நிலையில் கிடக்கும். கதவு திறந்திருக்கும்போதே கொக்கியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம்செய்து, துணியால் ஈரம் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். பிறகு கொக்கியைத் திருப்புளியால் தள்ளி, கதவு மூடியதாக அதை நம்பவையுங்கள். ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். இப்போது சாவியையும் கைப்பிடியையும் லீவரையும் தனித்தனியாக இயக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கொக்கி தயங்காமல் விடுபட வேண்டும். இதைப் பலமுறை செய்துபார்த்த பிறகே கதவை மூட வேண்டும்.

வளையத்தின் போல்ட்டைத் தளர்த்த வேண்டியிருந்தால், அது இருந்த இடத்தைச் சுற்றி முதலில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் தளர்த்தினால் பழைய இடத்தைக் கண்டுபிடிக்கவே அரைநாள் போகும். நகர்த்தும்போதும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றுதான் நகர்த்த வேண்டும்.

கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் பலமிழந்தால் சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆடிக்காற்றில் அந்தக் கட்டை நழுவினால் கதவு நேரே தலையில் இறங்கும். ஷாக்கை மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும்போது ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மெல்லிய தண்டுப் பக்கம் கீழே வருமாறு பொருத்தினால் உள்ளே இருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் காக்கும் ‘சீல்’ வளையத்தை நனைத்தபடி இருக்கும். பழைய ஷாக்கை அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு இருக்கிறது.

பூட்டே போய்விட்டது, புதிய லாக் வரும்வரை கயிற்றால் கட்டி ஓட்டலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. பாதி திறந்த கதவு வழியாகப் புகைபோக்கியின் புகை வண்டிக்குள் இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்னால் குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்டு அப்படி ஒரு தெருகூட ஓட்ட வேண்டாம்.

டெல்டாவில் இந்தப் பூட்டுகள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணங்களும் நம் ஊரைச் சேர்ந்தவைதான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று. மீன்பெட்டி ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நேரே வளையத்தில் வடியும். வயல் பக்கம் உரம்: பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஓர் உப்புதான். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டை சிந்தியதைப் பெருக்கிவிட்டால் மட்டும் போதாது, நல்ல தண்ணீரில் துடைத்து உலரவிட வேண்டும். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வெளியேறச் சிறு துவாரங்கள் இருக்கும். பதரும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, தாழைத் தினமும் நனைக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஓர் ஈர்க்குச்சியால் அந்தத் துவாரங்களைக் குத்திவிட்டு, கொக்கிக்கும் கீலுக்கும் புதிதாகக் கிரீஸ் வைத்துவிடுங்கள்.