செடி கரைந்தால் பிடுங்காதீர்கள்: செடி வளர்க்கும் முதல் மீன்தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால், செடிகள் வைத்திருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்: “போன தடவை வாங்கினதெல்லாம் அழுகிவிட்டது. அதே செடியில் இன்னும் நான்கு கொடுங்கள்.” சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். அவருக்கு அது மூன்றாவது தடவை. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நானும் அதே தெருவில் நின்று அதையேதான் கேட்டேன். அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடாதீர்கள், தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளின் தண்டை மணலில் புதைப்பது

அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

கரையும் கிரிப்டோகோரைன் செடியைப் பிடுங்கி எறிவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை வருகிறது. உயிருள்ள செடியைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே செடியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள்.

நடப்பது இதுதான். நட்ட நான்கைந்து நாட்களில் இலை ஓரம் கண்ணாடி போல ஆகும். பிறகு ஓட்டை விழும். பத்தாம் நாள் தொட்டால் விரலில் கூழாக ஒட்டும். பார்ப்பவர் பதறிப்போகிறார். உரம் போதவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று கடையில் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டியதும் பாசி படர்கிறது. கடைசியில் செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் கொளத்தூருக்கு வண்டியை எடுக்கிறார்.

பண்ணைகளில் கிரிப்டோகோரைனைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் வேகமாக வளரும், இலையில் பாசி பிடிக்காது. அந்த இலை தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது, காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துப் பழகியது. தண்ணீருக்குள் அதற்கு வேலை இல்லை. அதனால் செடி பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, நீருக்கேற்ற மெல்லிய இலைகளைப் புதிதாக விடத் தொடங்குகிறது. தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடிகூட, ஒரு தொட்டியிலிருந்து எடுத்து வேறு தன்மையுள்ள தண்ணீரில் வைத்தால் இப்படிக் கரையலாம்.

கிரிப்டோகோரைன் சேம்பு, சேனையின் குடும்பம். சேனையின் தழை பழுத்து விழுந்தால் கிழங்கு செத்துவிட்டது என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்ட்டி, இலங்கை ஓடைகளில் வளரும் இனம். ரெட்ரோஸ்பைராலிஸ் தென்னிந்திய ஆறுகளிலேயே உண்டு. மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள்ளும், கோடையில் நீர் வடிந்த கரையிலும் வாழப் பழகிய செடிகள் இவை. இலையை மாற்றிக்கொள்வது அவற்றின் பிழைப்பு முறை.

எனக்கு இது தெரியாமல் இருந்தது. என் முதல் இரண்டடித் தொட்டியில் ஆறு கொத்து நட்டேன். ஆறும் கரைந்தன, ஆறையும் பிடுங்கினேன். மறுபடி வாங்கி நட்டேன், அவையும் போயின. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போன பிறகு, செடியே வேண்டாம் என்று தொட்டியை வெறும் மணலோடு விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி துடைக்கும்போது, கல்லை ஒட்டி அரிசி மணி நீளத்தில் செம்பழுப்பாக ஒரு முளை தெரிந்தது. பிடுங்கியபோது அறுந்து மணலுக்குள் தங்கிய வேர்த்துண்டு அது. உரமில்லை, கவனிப்பும் இல்லை. அப்படியும் துளிர்த்திருந்தது. இன்று என் தொட்டியின் பின்வரிசை முழுவதும் அந்த ஒரு துண்டிலிருந்து பரவியதுதான்.

ஆகவே இலை கரையத் தொடங்கினால், செடியின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாக நசுங்கினால் மட்டும் எடுத்துவிடுங்கள். கரையும் இலைகளைக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி, உடனே வெளியே எடுங்கள். உள்ளேயே அழுகவிட்டால் அமோனியா ஏறும், மீனும் பாதிக்கப்படும். வாரம் இரண்டு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முக்கியமாக, செடியை இடம் மாற்றாதீர்கள். இந்தப் பக்கம் அழகாக இருக்குமே என்று நகர்த்தினால், அது பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூன்று முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள்.

அந்த மாணவர் முதல் இரண்டு தடவை பிடுங்கியவற்றை எங்கே போட்டார் என்று கேட்டேன். குப்பைத் தொட்டியில் என்றார். மூன்றாவது தடவை நட்டவை இன்னும் தொட்டியில்தான் இருக்கின்றனவாம். புதிதாக எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவுவது

பஞ்சு பழுப்பாக இருப்பது அழுக்கால் மட்டும் அல்ல. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அது நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை பிழிந்தால், அத்தனை வார உழைப்பையும் ஐந்து நிமிடத்தில் கழுவி ஊற்றிவிடுகிறீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்துக்கொண்டு, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது

கோடையில் மூடியில்லாத தொட்டியில் நீர்மட்டம் சட்டென்று இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு முழுவதும் உள்ளேயே தங்குகிறது. அதன் மேல் உப்புள்ள போர் தண்ணீரையே ஊற்றினால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறும். கண்ணாடியின் மேல்விளிம்பில், சுரண்டினாலும் போகாத வெள்ளைக் கோடு தெரிகிறதா? அது அந்த உப்புதான். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள். இதைத் தண்ணீர் மாற்றுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

விளக்கு

முதல் மாதம் தினமும் ஆறு மணி நேரம். டைமர் வாங்கிவிடுங்கள்.

வெயில் காலத்தில் நியான் டெட்ரா

மே மாதம் என் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுகிறது. நியான் டெட்ரா 26 டிகிரிக்குள் இருக்க விரும்பும் மீன். குளிர்விக்க வழி இல்லையென்றால் வாங்காதீர்கள். கப்பி நம் கடின நீரில் நன்றாக இருக்கும்.