ஜார்ஜ் டவுனில் ஒரு ஞாயிறு காலை: கல்தூணிலிருந்து மதில்வரை

சென்னையின் ஜார்ஜ் டவுனுக்குப் பெரும்பாலோர் வருவது ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கவோ, கொடவுன் தெருவில் மொத்த விலைக்குத் துணி எடுக்கவோதான்; வந்த வேலை முடிந்ததும் நெரிசலுக்குத் தப்பிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தெருக்களை நிதானமாகப் பார்க்க விரும்புவோர், மொத்த வியாபாரக் கடைகளில் பலவும் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிக்கெல்லாம் பாரிமுனைக்கு வந்துவிட வேண்டும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினாலும், மின்சார ரயிலில் வந்து கடற்கரை நிலையத்தில் இறங்கினாலும் அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

புறப்படுமுன் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், பார்க்கப்போகும் இடங்கள் எல்லாம் ஒரே கதையின் பகுதிகளாகிவிடும். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பழைய ஊர், பகைவர் மறைந்து தாக்க வசதியாக இருக்கிறது என்ற காரணத்தால், இரு தரப்பாரின் கையாலும் சிறிது சிறிதாக இடிக்கப்பட்டது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த ஊர் இருந்த மண்ணில்தான். வடக்கே தள்ளிப் புதிதாக எழுந்த ஊரே இப்போதைய ஜார்ஜ் டவுன்.

முதலில் பார்க்க வேண்டியது, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் ஒரு கல்தூண். கோட்டைக்கும் புதிய ஊருக்கும் நடுவே பீரங்கிகளுக்காகத் திறந்த வெளி இருக்க வேண்டும் என்பதற்காக, அதற்குமேல் எவரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை குறித்து 1773இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. பேருந்துக்கு நிற்பவர்கள்கூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிரே உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தெரியும் உயர்ந்த கல் கம்பம் 1844 முதல் எரிந்த பழைய கலங்கரை விளக்கம். அதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொள்வதே எளிது. கடற்கரைப் பக்கமுள்ள வளாகச் சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் குண்டு வீசியதைக் குறிக்கும் கல்வெட்டும் இருக்கிறது.

அங்கிருந்து பூக்கடைப் பக்கம் நடந்தால், சென்னக் கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இரட்டைக் கோயில் வரும். மக்கள் இதைப் பட்டணம் கோயில் என்றே சொல்வார்கள். நீதிமன்றம் இருக்கும் இடத்தில் நின்ற பழைய கோயில் 1757இல் இடிக்கப்பட, பதிலுக்குக் கிடைத்த நிலத்தில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1762இல் திருப்பணியைத் தொடங்கினார். சென்னை என்ற பெயரே இந்தப் பெருமாளால் வந்தது என்று நம்புவோரும் உண்டு.

அடுத்து, ஒன்பதே காலுக்குள் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போய்ச் சேருங்கள். பெயரைக் கேட்டு அரண்மனையைத் தேட வேண்டாம். ஆர்மீனியர் வாழ்ந்த தெருவை நம் நாக்கு அப்படித் திருத்திக்கொண்டது. ஆர்மீனியரின் 1712ஆம் ஆண்டுத் தேவாலயமும் பழைய ஊரோடு அழிந்ததால், 1772இல் இங்கே புதிய தேவாலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். தனியே நிற்கும் மணிக்கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. ஞாயிறு காலை 9.30 மணிக்கு அவற்றை ஒலிப்பது நெடுநாள் வழக்கம். என்னைக் கேட்டால், இந்த நடையில் ஓர் இடத்தில் மட்டும்தான் நேரம் செலவிட முடியும் என்றால் அது இந்த முற்றமாகத்தான் இருக்க வேண்டும். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகள் தேய்ந்தும் தேயாமலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தராரை 1794இல் அவர் வெளியிட்டது ஆர்மீனியாவில் அல்ல, இதே சென்னையில்தான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் முதல் பாலத்தைக் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் இந்தச் சமூகத்து வணிகரே. இன்று வழிபாட்டுக்கு வர ஆர்மீனியக் குடும்பங்கள் இங்கே இல்லை. ஆகவே முற்றத்தில் நீங்களும் காவலாளியும் மட்டுமே இருக்க நேரலாம்.

நண்பகலில் நடை சாத்துவதற்கு முன்பே இராசப்ப செட்டி தெருவிலுள்ள கந்தகோட்டத்துக்குப் போய்விட வேண்டும். வள்ளலார் இராமலிங்க அடிகள் தெய்வமணிமாலையைப் பாடியது இந்த முருகன் மேல்தான். பாடலோடு பழக்கமுள்ளவர்கள் அப்படியே வடக்கே நடந்து, ஏழுகிணறு பகுதியின் வீராசாமிப் பிள்ளை தெருவில் அவர் 1858 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இல்லத்தையும் பார்க்கலாம். கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி வைத்து, அதில் தணிகை முருகனைக் கண்டார் என்று அன்பர்கள் சொல்வது இந்த வீட்டு மாடியறையைத்தான். குறுகலான குடியிருப்புத் தெரு என்பதால், கும்பலாகப் போய் வாசலை அடைத்துக்கொண்டு படம் எடுக்காமல் இருப்பது நல்லது. ஏழுகிணறு என்ற பெயர், கோட்டைக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1772இல் இங்கே அமைத்த கிணறுகளால் வந்தது.

நடை முடியும் இடம் பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் மாடிப்பூங்கா. பெயர்தான் பூங்கா, நீங்கள் ஏறி நிற்பது, ஊரின் வடக்கிலும் மேற்கிலும் எழுப்பிய பாதுகாப்பு மதிலின் மிச்சத்தின்மேல். ஐதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாசல்வரை வந்து போன அச்சத்தில், ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு 1769 முதல் இதைக் கட்டினார். காலையில் பார்த்த தூண் ஊரின் தெற்கெல்லையைச் சொன்னது என்றால், இந்த மதில் அதன் வடக்கெல்லையைச் சொல்கிறது. பிற்பகலில் வெயிலுக்கு மறைவு குறைவு என்பதால் தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்காக இதே பகுதிக்கு இன்னொரு நாள், மாலை நேரத்தில் வருவதே சரி. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரின் பின்புறம், செகண்ட் லைன் பீச் சாலைப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும், கூடவே வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும். முறுக்குகளுக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சுக்கு மின்ட் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

மதிலைவிட்டு இறங்கியபின் வால்டாக்ஸ் சாலை வழியாகத் தெற்கே நடந்தால் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடையலாம். மதில் கட்டிய செலவை ஈடுகட்ட ஊர்க்காரர்கள்மேல் விதிக்க நினைத்த வரியின் பெயர்தான் அந்தச் சாலைக்கு. வரியை மட்டும் கடைசிவரை வசூலிக்கவே இல்லை.