‘ஆய்வில் நிரூபணமானது’ என்றால், எதோடு ஒப்பிட்டு?

கல்விச் செயலி விற்க வருபவர் காட்டும் படங்களில் ‘ஆய்வில் நிரூபணமானது’ என்ற வரி தவறாமல் இருக்கும். பார்த்ததும் தலையாட்டிவிடுகிறோம். யார் ஆராய்ந்தார்கள் என்றுகூடக் கேட்பதில்லை. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கைப்படி, பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில், மாணவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வை நடத்தியவை 7 சதவீதம்தான்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு, கணினி வந்ததால் எது போனது என்று பார்க்காமல் விடுவது. குஜராத்தின் ஞான்ஷாலா பள்ளிகளில் ஒரு கணிதப் பயிற்சி மென்பொருளைப் பொருளாதார ஆய்வாளர் லீ லிண்டன் இரண்டு விதமாகச் சோதித்தார். முடிவுகள் 2008-இல் வெளியாயின. முதலில், பாடவேளையிலேயே பிள்ளைகளைக் கணினிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றிருந்தார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாகக் கொடுத்தபோதோ பலன் கிடைத்தது; படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக. மென்பொருள் நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பாடவேளையை அது பிடுங்கிக்கொண்டது.

ஆய்வில் இருந்ததில் பாதியை மட்டும் வாங்கிவிட்டு முழுப் பலனை எதிர்பார்ப்பவர்களும் உண்டு. டெல்லியில் 2015-இல் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களில் நடந்த ஆய்வில், நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மேற்கோள் காட்டுபவர்கள் மென்பொருளோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே 90 நிமிடத்தில் அதற்கு 45 நிமிடம்தான். மீதி நேரம் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்து உதவி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆளை விட்டுவிட்டால் அது வேறு திட்டம்.

பயன்பாட்டுக் கணக்கையும் நம்பிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: கேள்வியைப் படிக்காமலேயே அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தட்டும், பச்சை வந்ததும் அடுத்தது. ஆசிரியர் திரையில் ‘100 சதவீதம் முடித்தார்’ என்றிருக்கும். புதுசு என்ற ஆர்வமும் சில வாரங்களில் வடிந்துவிடும், அதனால் முதல் மாத உற்சாகத்தை வைத்து ஒப்பந்தம் போடக்கூடாது.

வாங்குமுன் ஒரு பருவம் சில வகுப்புகளில் மட்டும் கொடுத்துப் பாருங்கள். எந்த வகுப்புக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். பருவ முடிவில் எல்லா வகுப்புக்கும் ஒரே தேர்வு. வினாத்தாளை மட்டும் செயலி நிறுவனத்திடம் வாங்காமல் உங்கள் ஆசிரியர்களே எடுக்கட்டும்.