ஆக்சஸில் அச்சாகும் என்.சி.ஆர் படிவத்தில் சரியான ரெவிஷன் எண் வரவைப்பது எப்படி?

எக்செல்லில் என்.சி.ஆர் (நான்-கன்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட், அதாவது தரத்துக்கு ஒத்துவராததைப் பதியும் படிவம்) எழுதிய வரைக்கும் ஃபார்மட் நம்பரும் ரெவிஷனும், அதாவது படிவத்தின் எண்ணும் அது எத்தனையாவது திருத்தம் என்பதும், ஒரு பிரச்சினையே இல்லை. ஷீட்டின் அடியில் "க்யூஏ/எஃப்/07, ரெவ் 02" என்று அடித்து வைத்தால் அது அந்த ஃபைலோடே கிடக்கும். அதையே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு மாற்றியதும் நிலைமை வேறு. டேபிளில் இருப்பது தகவல் மட்டும்தான். அச்சடிக்கும்போதுதான் ரிப்போர்ட் அதற்குப் படிவத்தின் உருவத்தைக் கொடுக்கிறது. அப்படியானால் 2021-இல் எழுதிய என்.சி.ஆரை இன்று அச்சடித்தால் அடியில் எந்த ரெவிஷன் வர வேண்டும்?

எழுதிய அன்று நடப்பில் இருந்த ரெவிஷன்தான் வர வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் "ரெவ் 03" என்று நேரடியாக எழுதி வைத்தால் பழைய பதிவுகள் எல்லாம் ரெவ் 03 ஆகிவிடும். ரெவ் 03-இல் உடனடி நடவடிக்கைக்கு ஒரு கட்டம் புதிதாக வந்திருக்கிறது என்று வையுங்கள். பழைய என்.சி.ஆர்களில் அது காலியாக அச்சாகும். "ஏன் நிரப்பவில்லை?" என்று ஆடிட்டர் கேட்டால், அப்போது அந்தக் கட்டமே கிடையாது என்று நிரூபிக்க வழி இருக்காது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.2, 7.5.3 பிரிவுகள் கேட்பது இதைத்தான்: ஆவணத்துக்கு அடையாளம், ஒப்புதல், மாற்றங்களின் மேல் கட்டுப்பாடு, சான்றாக வைத்திருக்கும் பதிவு தெரியாமல்கூட மாறிவிடாத பாதுகாப்பு.

டேபிள், க்வெரி, ரிப்போர்ட் செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குவாலிட்டி பிரிவில் இப்போது ஓடுவது இந்த முறைதான்.

1. ஃபார்மட் மாஸ்டர் டேபிள்

ரெவ் ஐடி (ஒவ்வொரு வரிக்கும் தனி எண்), ஃபார்மட் நம்பர், ரெவிஷன், அமலுக்கு வந்த தேதி, ஒப்புதல் தந்தவர், ரிப்போர்ட்டின் பெயர், நிலை (நடப்பு அல்லது பழையது) ஆகியவை இதன் ஃபீல்டுகள். ஒரு ரெவிஷனுக்கு ஒரு வரி. புது ரெவிஷன் வந்தால் புது வரி சேர்த்துவிட்டு, பழைய வரியின் நிலையை மட்டும் மாற்றுங்கள். எதையும் அழிக்க வேண்டாம்.

படிவங்களின் மாஸ்டர் லிஸ்ட்டையும் இந்த டேபிளில் இருந்தே அச்சடியுங்கள். தனியாக ஒரு எக்செல் மாஸ்டர் லிஸ்ட் வைத்தால் இரண்டும் என்றாவது ஒருநாள் வேறுபடும், அதுவும் ஆடிட் நேரத்தில்தான் தெரியவரும்.

2. பதிவு பிறக்கும்போதே ரெவிஷன் பதிய வேண்டும்

சிக்கல் முழுவதும் இந்தப் படியில்தான், நிதானமாகச் செய்யுங்கள்.

என்.சி.ஆர் டேபிளில் "ரெவ் ஐடி" என்று ஒரு நம்பர் ஃபீல்டு சேருங்கள். ஆக்சஸ் அதன் டிஃபால்ட் வேல்யூவில் 0 போட்டு வைத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஃபீல்டு காலியா என்று பார்க்கும் நிபந்தனை வேலை செய்யாது.

அந்த ஃபீல்டை நிரப்புவது யார்? டேபிளின் டிஃபால்ட் வேல்யூவில் டிலுக்அப் (வேறு டேபிளில் இருந்து மதிப்பைத் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) எழுத ஆக்சஸ் விடாது. ஃபார்மில் புதுப் பதிவு தொடங்கும்போது ஓடும் பிஃபோர் இன்சர்ட்டில் எழுதலாம். ஆனால் அந்த ஃபார்ம் வழியாக வரும் பதிவுக்கு மட்டுமே அது ஓடும். யாராவது அப்பெண்ட் க்வெரியிலோ நேரே டேபிளிலோ பதிவு சேர்த்தால் ரெவிஷன் காலியாகவே நிற்கும். அதனால் பதிவு எந்த வழியில் வந்தாலும் தானே ஓடும், டேபிளின் டேட்டா மேக்ரோவையே பயன்படுத்துங்கள். ஆக்சஸ் 2010 முதல் இந்த வசதி இருக்கிறது.

டேபிளைத் திறந்து "பிஃபோர் சேஞ்ச்" மேக்ரோவை எடுங்கள். "இது புதுப் பதிவு, ரெவ் ஐடி காலி" என்று நிபந்தனை வையுங்கள். அதற்குள் "லுக்அப்ரெக்கார்டு" போட்டு, ஃபார்மட் மாஸ்டரில் இந்த ஃபார்மட் நம்பருக்கு நிலை "நடப்பு" என்றிருக்கும் வரியைத் தேடுங்கள். கிடைத்த ரெவ் ஐடியை "செட்லோக்கல்வார்" மூலம் ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு, தேடல் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகு "செட்ஃபீல்டு" எழுதுங்கள். தேடலுக்குள் இருக்கும்போது ஃபீல்டு பெயர்கள் மாஸ்டரின் வரியைக் குறிக்கும், என்.சி.ஆரின் வரியை அல்ல. உள்ளேயே செட்ஃபீல்டு எழுதிவிட்டு மேக்ரோ ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபிரண்ட் எண்ட் (ஃபார்ம், ரிப்போர்ட் இருப்பது), பேக் எண்ட் (டேபிள்கள் இருப்பது) என்று ஃபைலைப் பிரித்திருந்தால், இதைச் செய்ய பேக் எண்ட் ஃபைலையே திறக்க வேண்டும். லிங்க் செய்த டேபிளில் மேக்ரோ எழுத முடியாது.

3. அச்சில் வரவைப்பது

ரிப்போர்ட்டின் க்வெரியில் என்.சி.ஆர் டேபிளையும் ஃபார்மட் மாஸ்டரையும் ரெவ் ஐடியால் இணையுங்கள். ஃபார்மட் நம்பரையும் ரெவிஷனையும் பேஜ் ஃபுட்டரில் வையுங்கள். ரிப்போர்ட் ஃபுட்டரில் வைத்தால் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் வரும். பல என்.சி.ஆர்களை ஒன்றாக அச்சடித்தால் ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்கட்டும். இல்லையென்றால் ஒரே பக்கத்தில் ரெவ் 02-ம் ரெவ் 03-ம் சேர்ந்து, அடியில் ஒரு எண் மட்டும் நிற்கும்.

"அச்சிட்ட பிரதி கட்டுப்பாட்டில் இல்லை" என்ற வாசகத்தை நிரப்பிய படிவத்தில் போடாதீர்கள். அது நடைமுறைக் கையேடு போன்ற, இனியும் திருத்தப்படக்கூடிய ஆவணங்களுக்கு உரியது. நிரப்பி முடித்த என்.சி.ஆர் ஒரு பதிவு, அதற்கு இனி ரெவிஷன் கிடையாது.

4. படிவத்தின் அமைப்பு மாறும்போது

பழைய ரிப்போர்ட்டில் கை வைக்காதீர்கள். அதை காப்பி எடுத்து, பெயரில் ரெவிஷன் எண்ணைச் சேர்த்து, காப்பியில் மாற்றுங்கள். அச்சு பட்டன், பதிவின் ரெவ் ஐடியை வைத்து மாஸ்டரில் இருக்கும் ரிப்போர்ட் பெயரை எடுத்து அதையே திறக்கட்டும். டேபிளில் ஃபீல்டு சேர்க்கலாம், நீக்கக்கூடாது. காம்போ பட்டியலும் அப்படித்தான்: "ரீவொர்க்" என்ற சொல்லை வேறாக மாற்றினால் பழைய பதிவிலும் மாறிவிடும். அதைச் செயலற்றதாகக் குறித்துவிட்டுப் புதுச் சொல்லைச் சேருங்கள்.

ஃபிரண்ட் எண்டை ஏசிசிடிஇ (டிசைன் பூட்டப்பட்ட ஆக்சஸ் ஃபைல்) ஆக்கிக் கொடுத்தால் யாரும் ரிப்போர்ட் டிசைனைத் தொட முடியாது. ஏசிசிடிபி என்ற சாதாரண ஆக்சஸ் ஃபைலில் பயனருக்கு ஏற்ற அனுமதி முறை கிடையாது என்பதால் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

என்.சி.ஆர் மூடப்பட்டதும் ஒரு பிடிஎஃப் எடுத்து, மற்றவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டரில் போடுங்கள். டேட்டாபேஸ் என்றாவது மாறினாலும் பதிவு அப்படியே இருக்கும்.

பிறகு சேர்த்தது: பழைய எக்செல் பதிவுகளை இம்போர்ட் செய்தால் எல்லாவற்றுக்கும் இன்றைய ரெவிஷன் ஏறிவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இம்போர்ட்டுக்கு முன்பே, என்.சி.ஆர் தேதியை அமலுக்கு வந்த தேதிகளோடு ஒப்பிட்டு, எக்செல்லிலேயே ரெவ் ஐடியை நிரப்பிவிடுங்கள். நிபந்தனையில் "ரெவ் ஐடி காலி" என்று வைத்தது இதற்கும்தான், நிரப்பியதை மேக்ரோ தொடாது.

இன்னொருவர் சொன்னது: டெஸ்க்டாப்பில் பழைய ஃபிரண்ட் எண்ட் காப்பியை வைத்திருப்பவருக்குப் புது ரிப்போர்ட்டே கிடைக்காது. பேக் எண்டில் ஒரு சிறிய டேபிளில் நடப்பு வெர்ஷன் எண்ணை வையுங்கள். ஃபிரண்ட் எண்டைத் திறந்ததும் அதன் வெர்ஷன் எண்ணை இதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் செய்தி காட்டி மூடிவிடட்டும்.