பல் கிளினிக் ரிசப்ஷன் வேலைக்கு உங்களைத் தயார் செய்துகொள்வது எப்படி?

காசு கட்டி கோர்ஸில் சேரும் முன் இதைப் படித்துவிடுங்கள். நம் ஊர்ச் சின்ன கிளினிக்குகளில் பெரும்பாலும் பிளஸ் டூ படிப்பு, கொஞ்சம் கம்ப்யூட்டர், பொறுமையாகப் பேசத் தெரிந்த வாய், இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள். மீதியை வீட்டிலேயே பழகலாம்.

முதலில் பல் எண்கள். டாக்டர் உள்ளேயிருந்து "மூணு ஆறு, ரூட் கெனால்" என்று சொன்னால் நீங்கள் முழிக்கக் கூடாது. வாயை நான்காகப் பிரிப்பார்கள்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. நடு முன்பல்லில் தொடங்கி ஞானப்பல் வரை 1 முதல் 8. ஆக 36 என்றால் கீழ் இடது பக்கம் ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். முப்பத்தாறு என்று படிக்காதீர்கள், வாயில் இருப்பதே 32தான்! பால்பற்களுக்கு இதே வரிசையில் முதல் எண் 5, 6, 7, 8 என்று மாறும். வலது இடது எல்லாம் நோயாளியுடையது, எதிரே நிற்கும் உங்களுடையது அல்ல.

அடுத்தது அப்பாயின்ட்மென்ட் நோட்டு. உண்மையான வேலை இதுதான். நான் சேர்ந்த புதிதில், கால் மணி நேர இடைவெளியில் ஒரு ரூட் கெனாலைச் செருகிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவர்களின் முறைப்பு எனக்குத்தான். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் கை வேகமும் வேறு. பல்லின் மேல் மாட்டும் கேப்புக்கு (உறைக்கு) அளவு எடுத்தால், அதைச் செய்யும் லேபிலிருந்து அது வந்து சேரும் நாளைக் கேட்ட பிறகே அடுத்த தேதி கொடுங்கள்.

அப்புறம் போன். யாரும் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க" என்பார்கள். எத்தனை நாளாக, வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு விடவே சிரமம் என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். பிள்ளை விழுந்து, முளைத்த நிரந்தரப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டதா? வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் வரச் சொல்லுங்கள். மாத்திரை பெயர் மட்டும் போனில் சொல்லவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

புது நோயாளி வந்தால் சர்க்கரை, பிரஷர், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து அலர்ஜி, பெண்களிடம் கர்ப்பம், இவையெல்லாம் உண்டா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு காலியாக விட்ட படிவத்தை உள்ளே அனுப்பாதீர்கள். சத்தமாகவும் கேட்காதீர்கள், பக்கத்து நாற்காலியில் சொந்தக்காரரே இருப்பார்.

பில், ஜிபே எல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும்.

சரி, இன்றே பயிற்சி வேண்டுமா? அக்காவையோ தம்பியையோ பக்கத்து அறையிலிருந்து போன் செய்து, பல்வலிக்காரராகக் கத்தச் சொல்லுங்கள். பெயர், நம்பர், வலி, நேரம் நான்கையும் எழுதி முடிக்கும் வரை போனை வைக்காதீர்கள்.