பாதி தூரம், பாதி வேகம்

என் வலது தோள் இடது தோளைவிட மேலே ஏறி நிற்கிறது என்பது 46 வயது வரை எனக்குத் தெரியாது. மெய்ப்புத் திருத்துவது என் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலை, கையில் பேனா. ஒரு புகைப்படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உடனே தோளை இறக்கினேன். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் அது திரும்ப ஏறியிருக்கும். ஏறுவதே தெரியவில்லை என்றால் எப்படி இறக்குவது?

அப்புறம்தான் ஃபெல்டன்கிரைஸ் முறை கண்ணில் பட்டது. சின்னச் சின்ன அசைவுகளை மெதுவாகச் செய்து, உடம்பு என்ன செய்கிறது என்று கவனிக்கப் பழகும் பயிற்சி அது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல் படித்தவர், ஜூடோ பழகியவர். முழங்காலில் பட்ட அடிதான் அவரைத் தன் நடையையே ஆராய வைத்தது. அவர் அழுத்திச் சொன்னது இது: குறைந்த முயற்சியில்தான் நுண்ணிய வித்தியாசம் தெரியும். கையில் கனமான பை இருக்கும்போது அதில் ஒரு காகிதத்தைப் போட்டால் தெரியாது. வெறும் கையில் வைத்தால் தெரியும். தசையும் அப்படித்தான். முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தால், எங்கே வீணாக இறுக்குகிறோம் என்பது நமக்கு எட்டாது.

சரி, செய்முறைக்கு வருவோம். தரையில் பாயோ கெட்டிப் போர்வையோ விரித்து மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம். அது உடம்புக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடும். தரை அப்படி விட்டுக்கொடுக்காது. தலை பின்னால் சரிந்தால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். முதல் மூன்று நிமிடம் அசையவே வேண்டாம். குதிகால், பிட்டம், தோள்பட்டை, தலை, ஒவ்வொன்றும் தரையில் எப்படி அழுந்துகிறது? இரண்டு பக்கமும் ஒன்றுபோலவா? எனக்கு இடது தோள்பட்டை முழுதாகப் படிந்தது. வலதில் உள்ளோர முனை மட்டும் ஒரு பொத்தான் அளவுக்குத் தரையைத் தொட்டது. திருத்தப் போகாதீர்கள். பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்தில் ஊன்றுங்கள். இடுப்புக்கு அடியில் தரையில் ஒரு கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைப் பக்கம் 12, பாதப் பக்கம் 6, இடது பக்கம் 3, வலது பக்கம் 9. இடுப்பை 12 நோக்கி மெல்லச் சாய்த்தால் கீழ்முதுகு தரையில் படியும். 6 நோக்கிச் சாய்த்தால் முதுகுக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி விழும். எட்டுப் பத்து முறை போய்வாருங்கள். பிட்டத்தைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். கால்களை நீட்டிச் சற்று ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்க்காதீர்கள், வித்தியாசம் தெரிவதே அப்போதுதான். பிறகு மறுபடி முழங்கால்களை மடக்கி, 3க்கும் 9க்கும். அதன் பிறகு முழு வட்டம், ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு.

என் வட்டம் வட்டமாகவே இல்லை. 7 வரை ஒழுங்காக வரும், அப்படியே 10க்குத் தாவிவிடும். 8, 9 இரண்டும் காணாமல் போயிருந்தன. பிடிவாதமாக அழுத்தித் தள்ளினேன், இரண்டு நாள் இடுப்பு வலித்தது. உடற்பயிற்சியில் பழகியவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. சிக்குகிற இடத்தில் வட்டத்தைச் சுருக்குங்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆனாலும் பரவாயில்லை. 7, 8, திரும்ப 7 என்று போய்வாருங்கள். அந்த நேரத்தில் தாடையையும் மூச்சையும் கவனியுங்கள். நான் 8 வந்தாலே பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பல்லை விட்டதும் இடுப்பும் கொஞ்சம் விட்டது. இடுப்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று சிரிப்பு வந்தது.

அசைக்க முடியாத அளவுக்கு ஒரு பக்கம் அலுத்துவிட்டால், அந்தப் பக்கத்து அசைவை மனதில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இந்த முறையில் இதுவும் ஒரு பாடம்தான். செய்துவிட்டுத் தரையில் படிவதை மறுபடி ஒப்பிடுங்கள்.

மொத்தம் இருபது நிமிடம் போதும். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள், சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். வலி வந்தால் நிறுத்துங்கள், 'இதமான இழுவை' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எலும்பு முறிவு, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பத்தின் பின்மாதங்கள் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காலில் மரத்துப்போதல் இருந்தாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீரை அடக்க முடியாமல் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

என் வலது தோள் இன்னமும் ஏறத்தான் செய்கிறது. முன்பெல்லாம் இரவு கழுத்து வலிக்கும்போதுதான் தெரியவரும். இப்போது மூன்றாம் பக்கத்திலேயே பிடிபடுகிறது. பேனாவைக் கீழே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே 12க்கும் 6க்கும் நாலு தடவை இடுப்பை உருட்டிவிட்டுத் திருத்தத்தைத் தொடர்கிறேன்.