வருஷத்துக்கு நாலு நாடு போதும்: கிருஷ்ணகிரியில இருந்து ஒரு ஹோம்ஸ்கூல் பிளான்

மொத வருஷம் நான் பண்ண கூத்தை முதல்லயே சொல்லிடறேன். வாரம் ஒரு நாடுன்னு சார்ட் ஒட்டி, கொடிக்கு கலர் அடிக்க வெச்சு, தலைநகரம் எல்லாம் ஒப்பிக்க வெச்சு, பதினோராவது வாரம் பெரியவன்கிட்ட ஜப்பான் பத்தி என்னடா ஞாபகம் இருக்குன்னு கேட்டா "சிவப்பு வட்டம்"னான். அவ்ளோதான். சின்னவ அதுவும் சொல்லல.

அடுத்த வருஷம் சார்ட்டைக் கிழிச்சுட்டு ஒரே ஒரு கண்டிஷன் வெச்சேன், எந்த நாடா இருந்தாலும் நம்ம வீட்டுலயோ ஊர்லயோ இருக்கற ஒரு பொருளைப் புடிச்சுட்டுதான் உள்ள வரணும். அப்படிப் பாத்தா வருஷத்துக்கு நாலு நாடுதான் தேறுச்சு, அஞ்சு வயசுக்கும் எட்டு வயசுக்கும் அதுவே தாராளம். வாரத்துல மூணு நாள், ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம். கணக்கும் தமிழும் தனியா ஓடும், அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. பரீட்சை சர்டிபிகேட் என்ன பண்ணுவீங்கன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, மத்திய அரசோட திறந்தவெளிப் பள்ளி என்ஐஓஎஸ்ல ஏ லெவல்னு ஒண்ணு இருக்கு, மூணாங் கிளாஸுக்குச் சமம், அதைச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

ஜூன்ல நாடே கிடையாது, நம்ம தெருதான். கிருஷ்ணகிரியில இருக்கறவங்களுக்கு இது வரம்ங்க, ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேக்கும். பசங்கள ஒரு நோட்டோட அனுப்பி, தண்ணிக்கு என்ன சொல்வீங்கன்னு வீடு வீடா கேட்டுட்டு வரச் சொன்னேன். நீள்ளு, நீரு, பானின்னு எழுதிட்டு வந்தாங்க, கூடவே ரெண்டு வீட்டுல மாம்பழமும் வாங்கிட்டு வந்தாங்க. அந்த லிஸ்டை சுவத்துல ஒட்டிடுங்க, வருஷம் பூரா அது நீளும்.

ஜூலையில எத்தியோப்பியா. காரணம் ராகி. நாம தினம் களி கிண்டற ராகிக்குப் பூர்வீகம் அந்தப் பக்கத்து மலைங்கதான், எத்தியோப்பியா உகாண்டா ஏரியா, பல ஆயிரம் வருஷம் முன்னாடியே இங்க வந்து நம்ம ஊர் தானியமாவே ஆயிடுச்சு. இதைச் சொன்னப்ப எங்க மாமியார் நம்பவே இல்ல. அங்க இஞ்சேரான்னு ஒண்ணு பண்ணுவாங்க, டெஃப்னு ஒரு பொடி தானியத்தை அரைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு, ஆப்பம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் வேக வெச்சு எடுக்கறது. டெஃப்புக்கு நான் எங்க போறது, ராகி மாவுல கொஞ்சம் கோதுமை மாவு கலந்து புளிக்க வெச்சேன். முதல் நாள் கண்ணு கண்ணா ஓட்டையே விழல, சப்பாத்தி மாதிரி கெடந்துச்சு. மூணாவது நாள் மாவுலதான் வந்துச்சு, சின்னவ ஓட்டையை எண்ணிட்டு உக்காந்துட்டா. எல்லாரும் ஒரே தட்டுல சாப்புடணும், ஒருத்தருக்கு ஒருத்தர் ஊட்டி விடணும், அதுக்கு அங்க குர்ஷான்னு பேரு. எங்க வீட்டுல இப்பவும் அந்த வார்த்தை ஓடுது. எழுத்தும் காட்டுங்க, நம்ம க கா கி மாதிரியே ஒவ்வொரு எழுத்தும் உயிருக்குத் தகுந்த மாதிரி உருவம் மாறும், மொத்தம் ஏழு உருவம். வருஷத்துக்குப் பதிமூணு மாசம், காலண்டர் நம்மளவிட ஏழெட்டு வருஷம் பின்னாடி. "அப்ப அங்க போனா நான் இன்னும் பொறக்கவே இல்லையா"ன்னு பெரியவன் கேட்டதுல ஒரு நாள் பூரா போச்சு. செப்டம்பர் 11 அவங்க புது வருஷம், மஞ்சப் பூ வெச்சுக் கொண்டாடுவாங்க, நாங்க ஆவாரம்பூ பறிச்சோம்.

அங்கிருந்து கொரியா. மல்லசந்திரம் மலைக்குக் கூட்டிட்டுப் போய் கல்திட்டையைக் காட்டுங்க, காலையிலயே போயிடுங்க, வெயில் ஏறினா பாறை சுடும், தண்ணி பாட்டில் மறக்காதீங்க. இதே மாதிரி பெரிய கல்லைத் தூக்கி வெச்ச ஈமச்சின்னம் கொரியாவுல ஏகப்பட்டது இருக்கு, கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா மூணு இடத்தையும் 2000ல யுனெஸ்கோ லிஸ்டுல சேத்தாங்க. பவுர்ணமிக்கு வர்ற சுசோக் பண்டிகைக்கு அரிசி மாவுல எள்ளு பூரணம் வெச்சு பைன் ஊசி இலை மேல அவிப்பாங்க, நம்ம கொழுக்கட்டைதான், விநாயகர் சதுர்த்தி கைப்பழக்கம் அப்படியே உதவும்.

நவம்பர் மெக்சிகோ. பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுல தக்காளிப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கறதை ஒரு தடவ காட்டிட்டு, தக்காளி மிளகாய் ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுன்னு சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ரசம் எப்படி வெச்சாங்கன்னு பசங்களே கேப்பாங்க. காஞ்ச மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணியில வேக வெச்சு தோல் கழட்டற வேலை மெக்சிகோக்காரங்களோடது. சமையலுக்கு விக்கற சுண்ணாம்புல நீங்களே பண்ணிக் காட்டுங்க, பசங்க கை வைக்க வேணாம். நவம்பர் 1, 2 தேதியில செத்தவங்களுக்குப் பிடிச்சதைப் படைப்பாங்க, நம்ம அமாவாசை படையல் தெரிஞ்ச புள்ளைங்களுக்கு விளக்கமே தேவையில்ல. மண்டை ஓட்டு முகமூடி மட்டும் நான் பண்ணல, அது ஃபேன்சி டிரஸ்ஸா மாறிடும்.

ஜனவரி பொங்கல், லீவு விட்டுடுங்க.

பிப்ரவரி, மார்ச் ஈரான். யுகாதியும், ஈரான் புது வருஷமான நவ்ரோஸும் மார்ச் ஏப்ரல்ல கிட்டக் கிட்ட வரும். பக்கத்து வீட்டு அவ்வா யுகாதிப் பச்சடியில ஆறு ருசி சேப்பாங்க, ஈரான்ல ச-ன்னு தொடங்கற ஏழு பொருளை விரிப்புல வைப்பாங்க, ஆப்பிள், பூண்டு, வினிகர் எல்லாம் அவங்க மொழியில அப்படித்தான் தொடங்கும். அதுல ஒண்ணு தட்டுல முளைக்க வெச்ச கோதுமை. நம்ம முளைப்பாரியேதான்! பண்டிகைக்குப் பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி ஊற வெச்சுடுங்க, நாங்க லேட்டா போட்டு விரல் உசரம்தான் வந்துச்சு. பதிமூணாவது நாள் அதை ஓடற தண்ணியில விடணும், நாங்க கேஆர்பி டேம் வாய்க்கால்ல விட்டோம்.

சுவத்துல இருக்கற தண்ணி லிஸ்டுல இப்ப வுஹா, முல், அகுவா, ஆப் நாலும் சேந்துடுச்சு. கடைசியா ஆப் எழுதறப்ப பஞ்சாப்னா அஞ்சு தண்ணின்னு சொன்னேன், சின்னவ நேரா அட்லஸை எடுத்துட்டு வந்து அந்த அஞ்சு ஆறையும் தேட உக்காந்துட்டா.